மூன்றாம் வரியில் ஒரு தடுமாற்றம்

குளிர்காலத்தில்தான் பியானோ நன்றாக விற்கும், ஷெரிஃப். பனி விழுந்துவிட்டால் அயோவா பண்ணைகளில் வேலை குறைந்துவிடும். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு ஏதாவது சத்தம் வேண்டியிருக்கும்.

நான் விற்றது தானாக வாசிக்கும் பியானோ. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டிப் பெடலை மிதித்தால், துளை வரும் இடத்தில் கட்டை தானே அமுங்கும். முதலில் சில நாட்கள் பணம் வாங்காமல் அவர்கள் வீட்டில் விட்டுவைப்போம். பழகியதைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

விதவை ரக்னா ட்வெயிட் மட்டும் அசையவில்லை.

"காலால மிதிச்சா பாட்டு வருதா? அப்ப என் தையல் மெஷின் ஏன் இத்தனை வருஷமா ஊமையா கெடக்கு?" என்று சிரித்தார். எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

தேவாலயப் பாட்டு ஒன்றைப் போட்டேன். முடிந்ததும், "தப்பே இல்லாம வாசிக்குது, தம்பி. அதான் புடிக்கல. என் ஹால்வர் மூணாவது வரியில தடுமாறுவான். நின்னு, திரும்பத் தொட்டுட்டுப் போவான். சபையே சிரிக்கும்," என்றார்.

ஹால்வர் அவருடைய ஒரே மகன். போரில், பிரான்சில் இறந்தவன். உடல் வரவில்லை.

எந்த இடத்தில் என்று கேட்டேன். அவர் முணுமுணுத்துக் காட்டினார். நான் தங்கியிருந்த அறைக்குப் போய், அந்தப் பாட்டின் சுருளில் ஒரு துளையைக் காகிதம் ஒட்டி அடைத்தேன். சற்றுத் தள்ளிக் கத்தியால் வேறு இரண்டு வெட்டினேன். சிகாகோ ஆலையில் ஆட்களை வாசிக்கவிட்டு, அதை அப்படியே சுருளில் பதிவு செய்வதுண்டு. ஹால்வரும் அங்கே வாசித்திருக்கிறான் என்று சொல்லி, அந்தச் சுருளை அவரிடம் கொடுத்தேன். ஓர் ஆறுதலுக்காகத்தான்.

அவர் மிதித்தார். மூன்றாம் வரி தடுமாறியது. அவருடைய கால்கள் நின்றுவிட்டன.

"எப்ப வாசிச்சான்?"

யோசிக்காமல், "போன வசந்தத்துலம்மா," என்றேன். போர் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்ததை அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நினைத்தேன்.

"அப்ப... உசுரோட இருக்கானா?"

"நான் அவரைப் பாக்கலம்மா. சுருளைத்தான் பாத்தேன்."

அதில் பொய் இல்லை. அவர் அன்றே பியானோவை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் சிகாகோ ரயிலுக்கு வந்து நின்றிருக்கிறார். ஒருநாள் அதே ரயிலில் நான் இறங்கினேன். நடைமேடையில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, மகனுக்கென்று துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

"சாப்பிடு தம்பி. காத்து இப்பிடி வெட்டுது, கையுறைகூட இல்லாம வந்திருக்கியே, பைத்தியக்காரா. உன் வாயிலேருந்துதான் எனக்கு நல்ல சேதி வந்துச்சு."

நன்றாக இருந்தது. நின்றபடியே முழுவதும் தின்றேன். வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் புயலில் ரயில் வரவில்லை. நிலையத்தைப் பூட்டிய பிறகும் அவர் வெளிப் பெஞ்சில் காத்திருந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ரொட்டி என் வாயில் இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பார். அவர் மனம் உடைந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை. பியானோவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வார் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.