ரெண்டே வீட்ல கேட்ட கேள்வி

— சிரிக்காத ரூக்ஷார். நாலு மாசம் சுத்தி இதுதான் கிடைச்சுதான்னு ப்ராஜெக்ட் கைடு என்னைத்தான் திட்டறாரு.

— பின்ன? சிறுபான்மை, மதச் சண்டைன்னு தலைப்பு வெச்சுட்டு... எங்க தெருவுல நீ எடுத்த ரெக்கார்டிங் பூரா, "சண்டையா? நமக்குள்ளயா?" எங்கம்மி சேமியா வேற குடுத்து, "நீ எங்க வீட்டுப் புள்ள மாதிரி தம்பி"ன்னாங்க.

— நீ எடுத்ததுல மட்டும்? எங்க சின்ன காஞ்சிபுரமே, "பாய்ங்க எங்களுக்கு அண்ணன் தம்பிமா"ன்னுது.

— மூஞ்சிக்கு நேரா எவன்பா திட்டுவான்? நீ எங்க தெருவுக்கும் நான் உங்க தெருவுக்கும் போனது நம்ம தப்பு.

— அதான் இந்த வாரம் அவங்கவங்க தெருவுக்கே போயிட்டோமே. என்ன தேறிச்சு?

— கொட்டித் தீர்த்துட்டாங்க! உங்க சாமி ஊர்வலத்துல மசூதி முன்னாடி நின்னு வேணும்னே மேளம் அடிச்சாங்களாம். வாடகைக்கு வீடு கேட்டா, பேரைக் கேட்டதும் இல்லன்றாங்களாம். உனக்கு?

— அதே ஊர்வலம்தான். மொதக் கல்லு மட்டும் உங்க பக்கத்துலேர்ந்து வந்துச்சாம்.

— சூப்பர். ப்ராஜெக்ட் பாஸு.

— பாஸுதான்... அந்தக் கேள்வியக் கேட்டியா?

— எந்தக் கேள்வி?

— நடிக்காத. கைடு வேணாம்னு லிஸ்ட்லேர்ந்து அடிச்சாரே. "இந்தத் தெருப் பையன் அந்தத் தெருப் பொண்ணைக் கட்டிக்கினா என்ன சொல்லுவீங்க?"

— நீ முதல்ல சொல்லுபா.

— ஒரே ஒரு வீட்ல கேட்டேன்.

— யாரு வீடு?

— பேரு சொல்லக் கூடாதும்மா. ரிசர்ச் ரூல்ஸு.

— அய்யே! ரெக்கார்டிங்ல உங்கப்பா தறி சத்தம் கேக்குது...

— சரி, எங்கப்பாதான். "எவன் வீட்டுப் புள்ளையோ, நல்லா இருக்கட்டும்"னாரு. தறிய நிறுத்தக்கூட இல்ல!

— ஊருக்கு உபதேசம். அது அடுத்த வீட்டுக்குச் சொன்ன பதில் வசந்த், செல்லாது. திரும்பப் போயி ஒழுங்கா கேளு.

— கேக்கறேன், கேக்கறேன். பயமா எனக்கு? நீ கேட்டியா?

— நானும் ஒரே வீட்லதான். எங்கம்மிகிட்ட.

— அய்யய்யோ... என்ன சொன்னாங்க?

— என்னையே திருப்பி, "இதை ஊர் பூரா கேட்டியா, இல்ல என்கிட்ட மட்டும்தானா? யாருடி அவன்?"னாங்க.

— நீ...?

— உன் பேரைச் சொன்னேன். "அடியே, நீ எங்க வீட்டுப் புள்ள மாதிரின்னு அவன்கிட்ட நானே சொல்லித் தொலைச்சேனே"ன்னு தலையில அடிச்சுக்கினாங்க. "ரெக்கார்டிங்ல இருக்குது அம்மி"ன்னேன்.