டாமி ஜானின் இடது கை

சங்க மலருக்கு ஒரு பக்கம் போதும் என்றீர்கள், ராயப்பராஜ் சார். நான் இங்கிலீஷ் வாத்தியார், பேனாவை எடுத்தால் நீட்டிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், நம் திண்டுக்கல் பேஸ்பால் அணியின் விக்னேஷ்குமாரைப் பற்றி எழுத இந்த ஆண்டனிராஜை விட்டால் ஆள் கிடையாது என்று கூட்டத்தில் சொன்னீர்களாம். அது சரி. அவன் பிட்சர், நான் கேட்சர். ஆறு வருடம் அவன் எறிந்ததை எல்லாம் பிடித்தவன் நான்.

மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஆட்டம் தெரியாது. அதனால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். எந்தப் பந்தை எறிவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் கேட்சர்தான். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து, தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டுவோம். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து. இரண்டு விரல் என்றால் கர்வ், அதாவது கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் பந்து. பிடிக்கவில்லை என்றால் பிட்சர் தலையை ஆட்டி மறுக்கலாம், அது அவன் உரிமை. விக்னேஷ் ஒருநாளும் மறுத்ததில்லை. நான் காட்டினால் எறிவான்.

அவன் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்தவன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், இடது கைக்காரன். வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ்ஸில் போகும்போது அமெரிக்க ஆட்டக்காரர்கள் கதையை நான் சொல்லிக்கொண்டே வருவேன். கறுப்பர் என்பதற்காக வசவுகளை வாங்கிக்கொண்டே ஆடிய ஜாக்கி ராபின்சன் கதை. 1919இல் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாக ஆயுள் தடை பெற்ற சிகாகோ எட்டுப் பேரின் கதை. நல்லவர்களைவிடக் கெட்ட பெயர் எடுத்தவர்கள் கதைதான் பையன்களுக்குப் பிடிக்கும். விக்னேஷுக்கு மட்டும் அந்த எட்டுப் பேர் கதை பிடிக்காது. கூட நின்று ஆடுகிறவனுக்கு எப்படி மனசு வந்தது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் புதிதாகத் தொடங்கும் தொழில்முறை லீக் ஒன்றுக்குச் சென்னையில் ஆள் எடுக்கிறார்கள் என்று மைதானத்தில் வைத்து நீங்கள்தான் வாசித்தீர்கள். அதில் ஒரு பெயர்தான் இருந்தது. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், நானும் ஒரு காலைப் பிடித்திருந்தேன்.

பொறாமை என்று நினைப்பீர்கள். இல்லை சார். அவன் வெகுளி. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். அந்த ஊர்களில் இவனைப் பிழிந்துவிட்டுத் தூக்கி எறிந்தால் யார் கேட்பது? யாரோ ஒரு கேட்சர் விரலைக் காட்டுவான், இவன் எறிவான். போகாமல் இருப்பதே அவனுக்கு நல்லது என்று பட்டது.

சென்னைக்குப் போக ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, கரூருடன் இறுதி ஆட்டம். நாலாவது இன்னிங்ஸ் முடிந்து வந்தவன் முழங்கையை நீவிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கை எரியுதுங்கண்ணா. கர்வ் போட்டா உள்ளுக்குள்ள என்னமோ இழுக்குது. ஆனா நீங்க கேட்டாப் போட்டுருவேன்."

அப்போது நாம் ஏழு ரன் முன்னால் இருந்தோம். வேறு ஆளை எறியவிட்டிருந்தாலும் ஜெயித்திருப்போம். நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அடுத்த இன்னிங்ஸிலிருந்து இரண்டு விரலையே காட்டினேன். ஒரு வாரம் கை வீங்கிக் கிடக்கட்டும், சென்னைத் தேதி தாண்டிவிடும் என்பதுதான் என் கணக்கு. ஏழாவது இன்னிங்ஸில் அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அப்போதும் தலையை ஆட்டவில்லை. நானும் விரலை மாற்றவில்லை. நாற்பத்திரண்டாவது கர்வ் என் கையுறைக்கு வந்து சேரவில்லை. ஈர விறகு முறிந்தாற்போல ஒரு சத்தம். பதினெட்டு மீட்டர் தள்ளி இருந்த எனக்கே கேட்டது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். அதை நீங்கள் அன்று பாராட்டிப் பேசினீர்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், விக்னேஷுக்கு உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னை உட்காரவைத்து விளக்கினார். முழங்கையில் தசைநார் அறுந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்கிறார்கள், வேறு இடத்திலிருந்து நார் எடுத்துத் தைப்பார்கள், ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தால் மறுபடி எறியலாம். காப்பீட்டு அட்டைக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன், பையனிடம் பக்குவமாக நீங்களே சொல்லுங்கள் என்றார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான்.

"அறுந்துபோச்சாம் அப்பு. வேலைவெட்டி பாக்கலாமாம். பந்து மட்டும் எறிய முடியாதாம்."

மலைக்கோட்டை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நீங்க அம்புட்டுக் கதை படிச்சிருக்கீங்களேண்ணா. இப்படிக் கை போயி திரும்பி வந்தவங்க ஒருத்தராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறார். டாமி ஜான். அவரும் இடது கைக்காரர். 1974இல் முழங்கை நார் அறுந்து, வலது கையிலிருந்து எடுத்துத் தைத்தார்கள். அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான். அதற்குப் பிறகு நூற்று அறுபத்து நான்கு ஆட்டம் ஜெயித்து, நாற்பத்தாறு வயது வரை எறிந்தார். பஸ்ஸில் நான் சொல்லாமல் வைத்திருந்த நல்ல கதைகளில் ஒன்று அது.

"இல்ல அப்பு," என்றேன். "ஒருத்தரும் இல்ல."

அவன் நம்பினான். வேறு டாக்டரிடம் போகவில்லை. மட்டையையும் கையுறையையும் சங்கத்துக்கே கொடுத்துவிட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குப் போனான். ஞாயிறு தவறாமல் மைதானத்துக்கு வருவான், கம்பி வலைக்குப் பின்னால் உட்காருவான். கிளம்பும்போது ஒரு பை முருங்கைக்காயும் வெண்டைக்காயும் என் வண்டியில் மாட்டிவிடுவான். எட்டு வருடமாக என் வீட்டில் அவன் கொடுத்த காயில்தான் வெஞ்சனம். அதைத் தின்றுகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று சொல்லவேண்டும். பையன் கண்முன்னால் இருக்கிறான், கெட்டுப்போகவில்லை, கல்யாணமும் ஆயிற்று.

போன வாரம் அவன் மனைவி பவித்ராவின் போனிலிருந்து ஒரு வீடியோ வந்தது. டாமி ஜானைப் பற்றியது. கூடவே அவன் குரல்.

"இதப் பாத்தீங்களாண்ணா? அப்பவே இருந்துருக்குதுங்க. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாமப் போச்சே. சரி விடுங்க, நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க."

அந்தக் குரலைப் பலமுறை கேட்டுவிட்டேன். நம்ம ரெண்டு பேருக்குமே என்கிறான். என்னைத் தேற்றுகிறான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியவில்லை.

நேரில் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் மன்னித்துவிடுவான், அவன் அப்படிப்பட்டவன். அதனால்தான் அச்சில் வரட்டும் என்று எழுதுகிறேன். ஒரு வரியையும் வெட்டாதீர்கள். வேண்டுமென்றே செய்தேன். பந்திலும் செய்தேன், பஸ்ஸிலும் செய்தேன். என் பிரியத்தில் செய்தது என்பதையும் அவன் புரிந்துகொள்வான்.

ஒரே ஒரு வேண்டுகோள். கரூர் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த படம் உங்களிடம் இருக்கும், அவன் என் தோளில் கை போட்டிருப்பான். என்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த சிகாகோ எட்டுப் பேரை நூறு வருடம் கழித்தும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு என்ன கெட்ட பெயர் வேண்டுமானாலும் போடுங்கள் சார், அவன் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள்.