திருந்திய மாமியார்

துடியலூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“மாமியாளை நல்லவளாக்கிப்போட்டனுங்கக்கா. படிக்கற ஆளுக பாதி ஓடியே போயிட்டாங்க.”

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டை மட்டும் நிறுத்தினேன். அவள் புனைபெயரில், செல்போன் ஆப் ஒன்றில் வாராவாரம் தொடர்கதை எழுதுகிறாள் என்பது எனக்கு விளங்கக் கவுண்டம்பாளையம் வந்துவிட்டது.

“படிக்கறவிங்ககிட்ட நல்லாத்தான திட்டு வாங்கிட்டிருந்தா? எதுக்குக் கண்ணு திருத்துன?” என்றாள் மூத்தவள்.

“எங்கத்தையும் படிக்கறாங்கக்கா! எழுதறது நாந்தான்னு தெரியாது. கதைல எல்லாருக்கும் ஒப்புட்டு மேல நெய் ஊத்திப்போட்டு, மருமகளுக்கு மட்டும் ‘தீந்துபோச்சு’ங்கறாளே, அது அவிங்க எனக்குப் பண்ணுனதுதான். அப்படியே எழுதிப்போட்டன். சீலைக் கலரைக்கூட மாத்துல.”

“அய்யோ அம்மணி! கண்டுபுடிச்சுட்டாங்களா?”

“எங்கீங்க! ‘பாவம் அந்தப் புள்ள’ன்னு எங்கிட்டயே சொல்லிக் கண்ணைத் தொடைக்கறாங்க. என்னைக்காச்சும் முழிச்சுக்குவாங்கன்னு பயந்துபோயி, போன வாரம் மாமியா கையாலயே மருமகளுக்கு நெய் ஊத்த வெச்சுப்போட்டன்.”

“அப்பறமென்ன? நிம்மதிதான?”

“மொத கமெண்ட்டே அவிங்கதானுங்க. அவிங்க போட்டோவோட. ‘இந்த மாதிரிப் பொம்பள சாகறவரைக்கும் திருந்தமாட்டா. பொய் எழுதாதீங்க’ன்னு போட்டிருக்கறாங்க.”