ஜெட்டைக் கழற்றி விசிறி பூட்டியவருக்கு

“நான் அணைச்சேன்.”

“எப்ப அணைச்ச? நான் வயிறு முட்டத் தண்ணி குடிச்சப்புறமா?”

“நீங்க குதிப்பீங்கன்னு யாரு அத்தான்...”

“விழறவன் உங்கிட்ட அனுமதி வாங்கிட்டா விழுவான்?”

“என்னைக் கொஞ்சம் பேச விடுங்க.”

“நீ என்ன பேசறது? அதான் உன் கை பேசிடுச்சே.”

பாராட்டு மடலை இப்படித் தொடங்குவது முறையல்ல என்பதை அறிவோம். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு படகுத்துறைப் படியில் நின்று, தம் மனைவியின் தம்பியும் நம் படகின் ஓட்டுநருமானவரோடு மல்லுக்கு நின்ற அந்தக் குரலை விட்டுவிட்டுப் பாராட்டினால், நாங்கள் வேறு யாரையோ பாராட்டியதாகிவிடும்.

ஆகவே, ஓய்வு வாசலில் வந்து நிற்கும் நாளிலும் ஓய்வறியாத உழைப்பின் உருவே, திருகு கண்டால் திருப்பிப் பார்க்காமல் தாண்டாத திறமைத் திருவே, இரும்பின் இருமலைக் கேட்டே நோயறியும் இயந்திர மருத்துவரே, எங்கள் பெரிய மெக்கானிக் அவர்களே, வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த மீட்புப் படகு நிலையத்தின் முதுகெலும்பாய் நின்றவர் நீங்கள். இனி உங்களை ‘அவர்’ என்றே சொல்லப்போகிறோம். நேருக்கு நேர் ‘நீங்கள்’ என்றால் நடுவில் எழுந்து திருத்தம் சொல்வீர்கள்.

அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. இதோ, இந்த மாலை போட்ட நாற்காலியிலும் அவருடைய வலது கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் குனிந்து சரிபார்த்துக்கொள்ளலாம். தேநீரைக் கூட நடந்துகொண்டே குடிப்பவர். குவளை எந்த ஜன்னலில், எந்த இன்ஜின் மேல் இருக்கிறது என்று தேடுவதே எங்களுக்கு ஒரு தனி வேலை.

அப்படிப்பட்டவரை இன்னும் அலைக்கழிக்க வந்து சேர்ந்தது, நம் ஏரியின் ஒரே மீட்புப் படகு. அக்கரையில் பிரசவ வலி என்றாலும், நடு ஏரியில் தோணி கவிழ்ந்தாலும் போக வேண்டியது அது ஒன்றுதான். பிறவியில் அது ஜெட் படகு. அடிவயிற்றுத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி, அந்த வேகத்தில் பாயும். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டியதிலிருந்து அது பாய்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். துளையில் வேர் அடைக்கும், பம்ப் மூச்சுத் திணறும், நடுத்தண்ணீரில் நோயாளியோடு படகு மிதக்கும். கடைசியாக அடைத்தபோது உள்ளே இருந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. மெக்கானிக் தோள்வரை கையை விட்டு வேரைப் பிடுங்கிக்கொண்டிருக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாளாம்: “அண்ணே, யாருக்கு முதல்ல வெளிய வருது, பாப்போமா?”

அன்றே முடிவு செய்தார். ஜெட்டைக் கழற்றுவது, பின்சுவருக்கு வெளியே, தண்ணீருக்குள் விசிறி சுழற்றும் அவுட்போர்டு இன்ஜின் மாட்டுவது.

சொல்லும்போது சுலபம்தான். பம்பைத் தூக்கினார், அடித்துளைக்கு அலுமினியத் தகடு வைத்துப் பற்றவைத்தார், புதுப் பாரத்தைத் தாங்கப் பின்சுவருக்குள் முட்டுக் கொடுத்தார். இன்ஜின் வயிற்றிலிருந்து வாலுக்குப் போனதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. “ரொம்பத் திமிரு” என்றவர், எரிபொருள் தொட்டியையும் பேட்டரியையும் முன்னால் நகர்த்தினார். மூக்கு இறங்கியது. விசிறியில் களை சிக்கினால் இன்ஜினைத் தூக்கி, கையால் வழித்துவிட்டு, மறுபடி இறக்கிவிடலாம்.

ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஜெட்டுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. தண்ணீரில் தத்தளிப்பவர் பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கலாம். கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் பீய்ச்சும் தண்ணீர் முன்பக்கம் திரும்பும், படகு நின்ற இடத்தில் நிற்கும், ஆளைத் தூக்கிக்கொள்ளலாம். ஓட்டுநரான அவருடைய மச்சான் இத்தனை வருடமும் எல்லோரையும் அப்படித்தான் தூக்கினார். இப்போது அதே கைப்பிடியை அதே மாதிரி இழுத்தால், விசிறி பின்னோக்கிச் சுழலும். படகின் பின்புறம் தண்ணீரில் கிடப்பவர் மேலேயே வரும்.

“விசிறிக்குக் கூண்டு போட்டுடலாமே” என்றது தலைமையகம்.

“போடலாம். கூண்டுல களை சிக்கும். அதுக்கு ஜெட்டே இருந்திருக்கலாம்” என்றார் இவர்.

ஆகவே, மாற வேண்டியது மச்சானின் கை. ஓட்டுநரின் இடுப்பில் மாட்டிய சிவப்புக் கயிற்றைப் பிடுங்கினால் இன்ஜின் உடனே செத்துவிடும். ஆள் தண்ணீரில் என்றால், கை கைப்பிடிக்குப் போகாமல் கயிற்றுக்குப் போக வேண்டும். மச்சானிடம் இதைக் காலையில் சொன்னார், மாலையில் சொன்னார். “புரிஞ்சுது அத்தான், நான் என்ன பச்சப் பிள்ளையா?” என்றார் மச்சான். புரிந்தது தலைக்கா கைக்கா என்பதுதான் இவருடைய சந்தேகம். சோதனை ஓட்டத்தின்போது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவர், சட்டையும் செருப்புமாகத் தண்ணீரில் குதித்துவிட்டார்.

மச்சானின் கை கைப்பிடிக்குப் போனது.

படகின் பின்புறம் தம்மை நோக்கி வருவதை மெக்கானிக் பார்த்தார். அவரே தேர்ந்தெடுத்த விசிறி, அவரே முறுக்கிய மறை. அப்புறம்தான் கயிறு பிடுங்கப்பட்டது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் விசிறியின் இலைகள் ஓய்ந்து நின்றன. இந்த மடலின் முதல் வரிகள் அதற்குப் பின் கரையில் நடந்தவை.

அன்று தொடங்கியது எங்கள் பாடு. பழைய மழைக்கோட்டில் பஞ்சடைத்து ஒரு பொம்மை செய்தார். அதைச் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரில் வீசுவார். மச்சான் கயிற்றைப் பிடுங்குவார். கரையிலும் விடவில்லை. பட்டறையில், கடைத்தெருவில், எங்கே கண்டாலும் “ஆள் தண்ணியில” என்பார். மச்சானின் கை தானாக இடுப்புக்குப் போகும். வீட்டிலும் இதே கதை என்று மெக்கானிக்கின் மனைவி வந்து முறையிட்டார்: “சாப்பிடறப்ப கரண்டியைத் தரையில போட்டு ‘ஆள் தண்ணியில’ன்னு கத்தறாரு. என் தம்பி இடுப்பைத் தடவறான், குழம்பு மடியில கொட்டுது. என் வீட்டுலயாவது யாரும் விழாம இருக்கக் கூடாதா?”

போன வாரம் நிஜமாகவே ஒருவர் விழுந்தார். வலை வீசப் போனவரின் தோணி கவிழ்ந்து, அவர் ஒற்றைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். படகு கிளம்பும்போது மெக்கானிக் பட்டறையில் இருந்தார். ஓடி வருவதற்குள் அது துறையை விட்டுப் போயிருந்தது. படியில் அவர் நின்ற நிலையை நாங்கள் மறக்க மாட்டோம். உதடு மட்டும் அசைந்தது: “கயிறு, கயிறு, கயிறு.”

நல்ல தூரத்திலேயே இன்ஜின் சத்தம் நின்றது. படகு சும்மா வழுக்கிக்கொண்டு போனது. மச்சான் மிதவை வளையத்தை வீசினார், இழுத்தார், தூக்கிப் போட்டார். கரையேறிய வலைக்காரர் முதலில் கேட்டது இதைத்தான்: “ஏன்யா அவ்வளவு தூரத்துலயே இன்ஜினை நிறுத்துன? என்னை விட்டுட்டுத் திரும்பிப் போறியோன்னு நெனச்சேன்.”

எல்லோரும் சிரித்தோம், கை தட்டினோம். மெக்கானிக் சிரிக்கவில்லை. இன்ஜினைத் தூக்கி, விசிறியின் ஒவ்வோர் இலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

படகு தகுதியானது என்று தலைமையகத்துக்குச் சொல்லிவிட்டார். ஓட்டுநர் தகுதியானவர் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. இன்று மாலை அவர் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லாவிட்டால், நாளை வேறு ஓட்டுநர் வருவார். மச்சான் சரக்கறையில் பெட்டி அடுக்குவார். கேட்டால், “யோசிக்கறேன்” என்கிறார். யோசித்துக்கொண்டே துறைக்கும் பட்டறைக்கும் நடக்கிறார்.

ஐயா, இனி மறுபடியும் ‘நீங்கள்’. உங்களை அவசரப்படுத்த நாங்கள் யார்? கையளவு தூரத்தில் விசிறியைக் கண்டவர் நீங்கள். உங்கள் உடல் உருக்காய் உறுதி பெறட்டும், உறக்கம் உங்களுக்கு உறவாகட்டும், குளிர்ந்த காற்றும் கொதிக்கும் தேநீரும் உட்கார்ந்த இடத்திலேயே உங்களைத் தேடி வரட்டும். உங்கள் துணைவியார் உங்களை வீட்டுக்குள் தாங்கிக்கொள்ளும் பொறுமையோடு நீடு வாழட்டும் என்றும் வாழ்த்துகிறோம்.

அன்பும் கொஞ்சம் அச்சமும் கலந்து,
மீட்புப் படகு நிலையப் பணியாளர்கள்.

ஓட்டுநரும் கையெழுத்துப் போட வந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு எழுதாமல் நின்றார். “நான் சொல்றதை மாத்தாம கடைசியில போட்டுடுங்க. அவரு பதில் சொல்றாரா பாக்கறேன்” என்றார். அப்படியே போட்டிருக்கிறோம்:

“அத்தான், அந்த வலைக்காரர் யாரோ எவரோ, அதனால கை சரியாப் போச்சு. அன்னிக்குத் தண்ணியில இருந்தது நீங்க, பதறிக் கைப்பிடிக்குப் போச்சு. இனி ஒரு நாள் நம்ம வீட்டு ஆளு விழுந்து கிடந்தா, என் கை எங்க போகும்?”