மாடியறைக்குத் தனிப் பிரேக்கர் கேட்டவருக்கு

மின்னுக்கும் மனிதருக்கும் நடுவே மதிலாய் நின்ற மாண்பாளரே! அணைத்த சுவிட்சையும் ஐயுறும் அண்ணலே! சுவருக்குள் ஒளிந்த கம்பியையும் சொல்லுக்குள் ஒளிந்த சாக்கையும் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் கூர்மதியாளரே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வயரிங் நிறுவனத்தின் மேற்பார்வையாளராய் விளங்கி, எங்கள் வேலையில் ஒன்றைக்கூட முதல் பார்வையில் ஒத்துக்கொள்ளாத இன்று ஓய்வுபெறும் எங்கள் ‘எதுக்கும்’ அண்ணனே! வணக்கம்.

“எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்” என்று சொல்லாமல் நீங்கள் எந்த வீட்டைவிட்டும் வெளியேறியதில்லை. பட்டப்பெயர் அப்படி வந்தது. மெயினை அணைத்துவிட்டோம் என்று நாங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பீர்கள். பிறகு அணைத்த கம்பியில் வைப்பீர்கள். பிறகு மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில், நடுவிலே டெஸ்டரே செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று. இம்மடல் வாசிக்கப்படும் இந்நேரம், உங்களுக்கென்று போட்ட நாற்காலியை மின்விசிறிக்குக் கீழேயிருந்து சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

உங்கள் நற்பண்புகளை நாங்கள் வரிசையாய் அடுக்கினால், புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே, என்ன சமாச்சாரம் என்று புருவத்தை உயர்த்துவீர்கள். ஆகவே அந்த வம்பு வேண்டாம். நம் அலுவலகத்தில் கணக்கு எழுதும், எல்லோருக்கும் அக்காவான அக்காவின் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லி, உங்களை நாங்கள் ஏன் கொண்டாடுகிறோம் என்பதைப் புரியவைக்கப் பார்க்கிறோம்.

அக்காவின் வீடு பழையது. கீழே கூடமும் சமையலறையும் குளியலறையும், மேலே ஒரே ஓர் அறை. அந்த மாடியறையில் அவருடைய அப்பா, மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷினின் துணையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பகலில் அக்கா அலுவலகத்தில், அப்பா தனியே. ஊருக்கே கரண்ட் போனால் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து, கட்டிலருகே நிற்கும் சிலிண்டரைத் திறந்துவிடுவார் என்று ஏற்பாடு. வாசலில் மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ்கள் கருகிக் கிடந்த அந்த வீட்டுக்குப் புது வயரிங் போட்டே ஆகவேண்டும் என்று அக்கா நம் நிறுவனத்திடமே வேலையைக் கொடுத்தார். மேற்பார்வைக்கு நீங்கள் வந்தீர்கள். வம்பும் கூடவே வந்தது.

வந்தவுடன் நீங்கள் ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கட்டட வேலையில் இரும்புக் கம்பிகளைக் கட்டுகிற தடித்த கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. யார் செய்த வேலை என்று மாடிக்கே ஏறிப்போய்க் கேட்டீர்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று எரிச்சல்பட்டு அதைச் சுற்றிவைத்த பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இறங்கிய பிறகு, போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிறான் என்று மகளிடம் முணுமுணுத்தார்.

அடுத்து நீங்கள் கேட்டதுதான் அக்காவின் காதில் முள்ளாய்த் தைத்தது. யார் எந்த அறையில் படுப்பார்கள், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பெரியவரின் மெஷின் எந்தப் பிளக்கில் ஓடுகிறது, அந்தப் பிளக் எந்த லைனில் இருக்கிறது? வயரிங் போட வந்தவருக்கு வீட்டு ஆட்களின் நடமாட்டம் எதற்கு என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் நோயைக் காட்டி எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது.

தோன்றியது சரியாய்ப்போயிற்று என்றே அவர் நினைத்தார். அக்கா கேட்டது சின்ன மெயின் பெட்டி: வரிசையாய்ப் பிரேக்கர்கள், எங்கே மின்கசிவு வந்தாலும் மொத்த வீட்டையும் அணைத்துவிடும் கசிவுப் பிரேக்கர் முகப்பில் ஒன்று. நம் வரைபடக்காரத் தம்பியும் அது தாராளமாய்ப் போதும் என்றிருந்தார். நீங்கள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு நீளப் பெட்டி கேட்டீர்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியே கசிவுப் பிரேக்கர் என்றீர்கள். அடிக்கடி விழுந்து கரண்ட் அணையாமல் இருக்கப் பெரிய பிரேக்கராகவாவது போடுங்கள் என்று அக்கா சொன்னதற்கு, கம்பி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பிரேக்கர், இல்லாவிட்டால் அதுவும் கட்டுக்கம்பிதான் என்று மாடிப் பக்கம் பார்த்தீர்கள். ஏன் இத்தனை என்று கேட்டபோது உங்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“ஒண்ணு கெட்டா எல்லாம் அணையக் கூடாதும்மா.”

பயங்காட்டி விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று அக்கா நினைத்தார். தெருமுனை எலக்ட்ரிகல் கடை உங்கள் மச்சானுடையது என்பது ஊரறிந்த விஷயம். எங்களுக்குள்ளும் அப்போது குசுகுசுப்பு இருந்தது. ஓய்வுபெறும் நேரத்தில் மச்சானுக்கு ஒரு கைகொடுத்துவிட்டுப் போகிறார் போல என்று டீ குடித்துக்கொண்டே பேசினோம். அக்கா உங்களுக்குத் தெரியாமல் வேறொரு கடையில் விசாரித்தார். அந்தக் கடைக்காரரும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று சிரித்திருக்கிறார். அதைக் கேட்டதும் அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. சின்னப் பெட்டிதான் வேண்டும் என்று வந்து நின்றார். அப்படியானால் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட வேறு ஆளைப் பாருங்கள் என்று நீங்கள் கருவிப் பையைத் தோளில் மாட்டினீர்கள்.

வேறு வழியில்லாமல் அக்கா இறங்கிவந்தார். ஆனால் உங்களை மடக்க ஒரு பிடி வைத்திருந்தார்.

“சரிண்ணே, நீளப் பெட்டியே இருக்கட்டும். சாமான் மட்டும் ஒங்க மச்சான் கடையில வாங்க மாட்டேன்.”

“நல்லதா போச்சு. அவன் மேல எனக்கே நம்பிக்கையில்ல.”

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்று அக்கா இன்றும் சொல்கிறார். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. வேறு கடையில் வாங்கிவந்த பிரேக்கர்களை ஒவ்வொன்றாய் எடுத்து, காதருகே ஆட்டி, மாட்டிய பிறகு சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தீர்கள். ஒன்று விழவில்லை. அதைக் கடைக்குத் திருப்பி அனுப்பினீர்கள். கடைசியில் கறுப்பு மையால் ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினீர்கள்: கூடம், சமையல், கீசர், படிக்கட்டு. அக்கா நின்று பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மழை பிடித்த ஒரு நாள் மாலை, அக்கா அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போனார். வாசல் பெட்டியில் ஒரு பிரேக்கர் விழுந்து கிடந்தது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. தெருவில் எல்லா வீடுகளிலும் விளக்கெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. விழுந்தது எது என்றுகூடப் பார்க்காமல் அக்கா கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, எதற்கு இப்படி ஓடிவருகிறாய், மூச்சு வாங்குகிறதே என்று கேட்டார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு இறங்கிவந்து பெட்டியைப் பார்த்தார். விழுந்தது குளியலறைக் கீசரின் பிரேக்கர். சின்னப் பெட்டியாக இருந்திருந்தால் மொத்த வீடும் அணைந்திருக்கும். ஊருக்கே போனால் ஓடிவர ஆள் உண்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் யாருக்குத் தெரியும் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. கடைசிப் பிரேக்கரின் கீழே மட்டும் நீங்கள் அறையின் பெயரை எழுதவில்லை. ‘அப்பா’ என்று எழுதியிருந்தீர்கள்.

மறுநாள் அக்கா உங்கள் எதிரே வந்து நின்று சொல்ல முடியாமல் சொன்னதை நீங்கள் முழுதாய்க் கேட்கக்கூட இல்லை. கீசரில் ஏன் மின்கசிவு வந்தது, மற்ற பொத்தான்களை மாதாமாதம் அழுத்திப் பார்க்கச் சொன்னேனே அழுத்தினாயா என்று திட்டினீர்கள். அப்பா லைனின் பொத்தானை மட்டும் நீங்களே வந்து, பெரியவரைச் சிலிண்டருக்கு மாற்றிய பிறகு அழுத்துவதாய்ச் சொன்னீர்கள். அன்று மாலையே போனீர்கள், எதுக்கும் ஒரு தடவை பார்க்க.

ஐயா! சந்தேகத்தையே சேவையாய்ச் செய்த செம்மலே! நீங்கள் இளைப்பாறும் இல்லத்தில் நிழலும் நிம்மதியும் நிறையட்டும். நோய் உங்களை நெருங்குமுன் நாலு முறை யோசிக்கட்டும். நூறாண்டு கடந்தும் உங்கள் புருவம் உயர்ந்தபடியே இருக்கட்டும். சட்டமிட்ட இம்மடலை மாட்ட ஆணி அடிக்குமுன், அந்தச் சுவருக்குள் கம்பி ஓடுகிறதா என்று நீங்கள் பார்ப்பீர்கள். நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கீழே உள்ள கையெழுத்துகளை நீங்கள் ஒவ்வொன்றாய் ஆராய்வீர்கள் என்றும் தெரியும். நடுவில் ஒன்று நடுநடுங்கிக் கோணலாய் இருக்கும். நம் பணியாளர் யாருடையதும் அல்ல. அக்கா இம்மடலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மாடியேறி வாங்கிவந்தது அது. போட்டு முடித்ததும் பெரியவர் குழாயைச் சரிசெய்துகொண்டு மகளிடம் சொன்னாராம்:

“அந்தப் போலீஸ்காரன நல்லா உத்துப் பாக்கச் சொல்லு. என் கையெழுத்துதான்.”

என்றும் உங்கள் ஐயத்தின் காவலில்,
நிறுவனப் பணியாளர்கள் அனைவரும்,
மாடியறை அப்பாவும்.