முத்திரை விழுந்த புத்தகங்கள்

ரோஸ்லின்: தப்பா நெனச்சுக்காதீங்க ஜோஸ்வா சார்... அப்பா புஸ்தகமெல்லாம் திரும்ப வேணும்.

ஜோஸ்வா: என்ன டீச்சர் இது! போன மாசம் நீங்கதானே நம்ம சபை ஆராய்ச்சி நூலகத்துக்குன்னு மனசார குடுத்தீங்க?

ரோஸ்லின்: குடுத்தேன்... இப்ப தம்பி டேவிட்சன் துபாய்லேர்ந்து வந்திருக்கான். தஞ்சாவூர்ல புது வீடு கட்டிட்டான்ல...

ஜோஸ்வா: படிக்கவா கேக்குறார்?

ரோஸ்லின்: நீங்க வேற! ஹால்ல கண்ணாடி அலமாரி செஞ்சிருக்கான். அப்பா உயிரோட இருந்தப்ப ஊரறிஞ்ச போதகர், வேதபண்டிதர். வர்றவங்க பாக்கணுமாம்.

ஜோஸ்வா: பூட்டி வைக்கவா? நேத்து நாகூர்லேர்ந்து சஃபியான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. எபிரேயத்தையும் அரபியையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணுது. ஐயாவோட எபிரேய அகராதியப் பாத்ததும் சாப்பாட்டையே மறந்துடுச்சு.

ரோஸ்லின்: ஓரத்துலல்லாம் பென்சில்ல கிறுக்கியிருப்பாரே...

ஜோஸ்வா: அதத்தான் மொதல்ல படிச்சுச்சு!

ரோஸ்லின்: ம்... சாயங்காலம் வேன் எடுத்துக்கிட்டு வர்றேங்கிறான். என்ன சொல்ல?

ஜோஸ்வா: முடியாதுன்னு சொல்லுங்க. நூலக முத்திரை குத்திட்டா அது சபைச் சொத்து. பிஷப்பே வந்து கேட்டாலும் வெளிய போகாது.

ரோஸ்லின்: எல்லாத்துலயும்... குத்தியாச்சா?

ஜோஸ்வா: ஆச்சு... ஆச்சு டீச்சர்.

ரோஸ்லின்: ஒண்ணு ரெண்டாவது மிச்சம்...

ஜோஸ்வா: மிச்சமே இல்ல!

ரோஸ்லின்: அப்ப இதே வார்த்தைய நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. இந்தாங்க செல்போன்.

ஜோஸ்வா: நானா?... ஹலோ, தோத்திரம் தம்பி... ஆமா, முத்திரை... இல்ல, அழிச்சாலும் போகாது... சரிங்க... அப்படியா! ரொம்ப சந்தோஷம் தம்பி!

ரோஸ்லின்: என்ன சொன்னான்? சொல்லுங்க...

ஜோஸ்வா: 'கர்த்தருக்குன்னு போனது போகட்டும், அலமாரியில துபாய் கப்பு சாசர் அடுக்கிக்கிறேன்'ங்கிறார்.

ரோஸ்லின்: அப்பாடா! இப்பத்தான் சார் எனக்கு மூச்சே வருது. அவன் நச்சரிப்பு தாங்காமத்தான் வந்தேன். பஸ் ஏறுனதுலேர்ந்து ஒரே ஜெபம்... முத்திரை குத்தியிருக்கணும் ஆண்டவரேன்னு!

ஜோஸ்வா: இத மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு!

ரோஸ்லின்: உங்களுக்கு ஏன் வேர்க்கணும்?

ஜோஸ்வா: நீங்க அனுப்புனது நெல்லுச் சாக்குல. பூச்சி தட்டி, வெயில்ல காய வச்சே ஒரு மாசம் ஓடிப்போச்சு. அந்த மைப்பெட்டிய இப்படித் தள்ளிட்டு உக்காருங்க டீச்சர், சொன்ன பொய்ய மெய்யாக்கணும்... இன்னும் ஒண்ணுலகூட முத்திரை குத்தலை!