ஃபிரீடவுன் பயணத்துக்குக் கட்டிய பை

பயணப் பை கட்டுவதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பள்ளிவாசல்துறையிலிருந்து யார் உம்றாவுக்குப் போனாலும் கட்டாருக்குப் போனாலும் மர்ளியாவைக் கூப்பிடு என்பார்கள். நான் கட்டினால் மிளகாய்த்தூள் சிந்தாது, கருவாட்டு வாடை துணியில் ஏறாது. என் புருஷன் ஹுனைஸ் ஃபிரீடவுனுக்குப் புறப்பட்டபோதும் பையை நான்தான் கட்டினேன்.

நீங்கள் கேட்க வந்திருப்பதும் அந்தப் பையைப் பற்றித்தான், சேர். மலேரியா ஒழிந்துபோன நாட்டில் ஒருவர் மலேரியாவில் மௌத்தானால் வீடு தேடி வந்து விசாரிப்பது உங்கள் வேலை. புருஷன் மௌத்தாகி நான் இத்தா இருப்பதால், பிற ஆண்கள் முகம் பார்க்காமல் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பேசுகிறேன். குறை நினைக்காதீர்கள், எதையும் மறைக்கப்போவதில்லை.

ஹுனைஸ் கடலில் முங்கிக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. எங்கள் கடலில் அட்டை குறைந்துவிட்டது. ஹாசிம் முதலாளி சியரா லியோனில் தொழில் தொடங்கி, ஃபிரீடவுனில் வீடு பிடித்து, இங்கிருந்து ஆள் எடுத்தார். முதலில் போனவர் பக்கத்து வீட்டு றஸீன். போன இடத்தில் ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்டு தங்கிவிட்டார். மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவருடைய மனைவி ஸும்றா இன்னும் அவர் விட்டுப்போன சாரத்தைத் துவைத்துக் காயப்போடுகிறாள். உடுக்க ஆளில்லாத சாரம். அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைத் திரும்பி வரவைக்க என்னைத் தவிர இந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. என்னை நம்பி நான் அவரை அனுப்பத் தயாராக இல்லை. காலைப் பிடித்து அழுதேன்.

"ஒரு சீசன்தான் மர்ளியா, நோம்புக்கு வந்துருவன்" என்றார். றஸீனும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மலேரியாவுக்கு முன்கூட்டியே போடும் குளிசைகளைத் தந்தது நீங்கள்தான். கிழமைக்கு ஒன்று, ஒன்றையும் விடக்கூடாது என்று எனக்கும் சேர்த்து விளங்கப்படுத்தினீர்கள். அவருக்குக் குளிசை அட்டையைக் கண்டாலே ஆகாது. உரித்துச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தால்தான் விழுங்குவார். நான் போத்தலில் போட்டது என்னுடைய கல்சியம் குளிசைகளை. நீங்கள் தந்தவை கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதைத்துக் கிடக்கின்றன. இப்போதே தோண்டிப் பார்க்கலாம்.

இந்தப் புத்தளப் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்கு மலேரியா தெரியாத நோயா? பின்னேரமானால் குளிர் எடுக்கும். உம்மா சாக்கைக் கொண்டுவந்து போர்த்துவார். கசப்புக் குளிசை, கஞ்சி, அவ்வளவுதான். அடுத்த கிழமை பள்ளிக்கூடம். அந்தக் காய்ச்சலைத்தான் நான் அவருக்கு நினைத்தேன். படுத்துவிட்டால் முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். கஞ்சிக்கென்று நல்ல அரிசிகூட எடுத்து வைத்திருந்தேன்.

'இது நம்முடைய பழைய மலேரியா இல்லை, அங்குள்ளது மூளைக்கு ஏறும்' என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டேன். காதில் விழவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

காய்ச்சல் வந்ததும் அவர் அங்கிருந்து ஃபோனில் கோல் எடுத்தார்.

"ஒடம்பு கொதிக்கிது மர்ளியா. இங்க நாங்க தங்கீக்கிற வூட்டுக்காரப் பொம்புள இது மலேரியாதான்டு செல்றா. ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப்போகக் காரும் புடிச்சி வெச்சீக்கிறா."

பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. ஹுனைஸ், ஹுனைஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை.

"குளிசய ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், நீ தந்த போத்தல்லீந்து ஒன்னையும் வுடல்ல."

"அப்ப மலேரியா எப்பிடி வரும்? அது அலுப்புக் காய்ச்சல். ஆஸ்பத்திரியெல்லாம் வாணாம். டிக்கெட்ட மாத்திட்டு வூட்ட வாங்க."

பயண விஷயத்தைத் தவிர வேறெதிலும் அவர் என் பேச்சைத் தட்டியதில்லை. அன்றைக்கும் தட்டவில்லை, டிக்கெட்டை மாற்றினார்.

விமான நிலையத்தில் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரும் கேட்டார், குளிசை ஒழுங்காகப் போட்டாரா என்று. ஓம் என்றேன். இரத்தத்தில் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பெண்களுக்கு அது கிடைப்பதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரப் பெண் அழுதுகொண்டே கோல் எடுத்தார். றஸீன்தான் அவர் பேச்சை விளங்கப்படுத்தினார். பேரப்பிள்ளைகள் கண்டவராம். ஹுனைஸைத் தன் மகன் மாதிரிப் பார்த்தாராம். அவருக்கு ஸலாம் சொல்லச் சொன்னேன்.

அன்றைக்கே அந்தப் பெண் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஹுனைஸ் பிழைத்திருப்பாரா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, சேர். பிழைத்திருப்பார். கோலில் பேசும்போதே அது எனக்குத் தெரியும். ஆனால் பிழைத்து அங்கேதான் இருந்திருப்பார். இப்போது ஊரில் இருக்கிறார்.